ஏரிக்குள் இருக்கும் அரசன் வீடு: செவ்தெஸின் கோட்டையைப் பார்க்கப் போவது எப்படி?

கேள்வி இதுதான்: "மே மாதக் கடைசியில் பல்கேரியா போகிறோம். பழைய திரேசிய அரசன் மூன்றாம் செவ்தெஸின் கோட்டை அரண்மனை இருந்த இடம் அணை கட்டியதில் மூழ்கிவிட்டது என்கிறார்கள். அப்படியானால் கசன்லக் ஊருக்குப் போவதில் பயன் உண்டா? ஒரு திரேசிய அரசன் வாழ்ந்த இடத்தை, அதன் மதில் சுவரையாவது, நேரில் பார்க்க வழி இருக்கிறதா?"

தாராளமாகப் போங்கள். எதை முதலில் பார்ப்பது, எதைக் கடைசியில் பார்ப்பது என்பதை மட்டும் யோசித்து வைத்துக்கொள்ளுங்கள். முதல் தடவை நான் பஸ்ஸை விட்டு இறங்கியதும் நேரே அந்த அணையின் நீர்த்தேக்கமான கோப்ரின்கா ஏரிக்கரைக்குத்தான் போனேன். பரந்த தண்ணீர், பின்னால் பால்கன் மலை, கரையில் தூண்டில் போட்டு உட்கார்ந்திருந்த இரண்டு பேர். வேறொன்றும் இல்லை. அரை மணி நேரம் நின்றுவிட்டு மனச்சோர்வோடு திரும்பினேன். அடுத்த நாள் அருங்காட்சியகத்தையும் கல்லறையையும் பார்த்த பிறகு மாலையில் அதே கரைக்கு மறுபடியும் போனேன். தண்ணீர் அதேதான். ஆனால் இந்தத் தடவை எனக்கு அதற்குள் ஒரு ஊர் தெரிந்தது. மதில் எப்படி ஓடியது, சந்தைத் திடல் எப்படி இருந்தது, அரசன் தன் வீட்டை எப்படி வளைத்துக் கட்டிக்கொண்டான் என்றெல்லாம் மனதுக்குள் ஓடியது. ஆகவே ஏரியைக் கடைசியில் வையுங்கள்.

செவ்தெஸின் வீடு இன்று துண்டு துண்டாகச் சிதறிக் கிடக்கிறது. சுவர்கள் நீருக்கடியில். வீட்டுக்குள் புழங்கிய பொருட்கள் கசன்லக் அருங்காட்சியகத்தில். அவன் கல்லறை ஷிப்கா போகும் சாலையோரத்து மண்மேட்டுக்குள். அவன் வெண்கல முகம் தலைநகர் சோபியாவில். இந்த நான்கையும் மனதில் ஒன்று சேர்ப்பதுதான் இந்தப் பயணம். ஒரே இடத்தில் டிக்கெட் வாங்கிப் பார்த்துவிட்டு வரும் இடிபாடு அல்ல இது. அதனால்தான் போவதற்கு முன் கொஞ்சம் தெரிந்துகொண்டு போகச் சொல்கிறேன்.

முதலில் ஆள் யார் என்று பார்ப்போம். இன்றைய பல்கேரியா, வடகிழக்கு கிரீஸ், துருக்கியின் ஐரோப்பியப் பகுதி ஆகியவை சேர்ந்த நிலத்தில் வாழ்ந்தவர்கள் திரேசியர்கள். பல குலங்களாக இருந்தார்கள். அவற்றில் அரசு அமைத்துப் பெரிதாக வளர்ந்தது ஓட்ரிசியர் குலம். கி.மு. 4ஆம் நூற்றாண்டின் நடுவில் மாசிடோனிய அரசன் இரண்டாம் பிலிப் படையெடுத்து வந்து ஓட்ரிசிய அரசை உடைத்தான். அவன் மகன் அலெக்சாண்டர் கிழக்கே போய்விட்ட காலத்தில், திரேசுக்கு அவன் நியமித்திருந்த ஆளுநர் சோபிரியோன் வடக்கே ஒரு படையெடுப்பில் தன் படையோடு அழிந்துபோனான். அந்தச் செய்தி கிடைத்ததும் ஓட்ரிசியரைத் திரட்டிக் கிளர்ந்து எழுந்தவன்தான் மூன்றாம் செவ்தெஸ்.

கி.மு. 323இல் அலெக்சாண்டர் இறந்ததும் திரேஸ் அவனுடைய தளபதி லைசிமாகஸின் பங்காக வந்தது. அவன் தன் பங்கை எடுத்துக்கொள்ள வந்தபோது செவ்தெஸ் 20,000 காலாட்படையோடும் 8,000 குதிரைப்படையோடும் எதிரே நின்றான். லைசிமாகஸிடம் இருந்தது 4,000 காலாட்படையும் 2,000 குதிரைகளும்தான். பண்டைய வரலாற்றாசிரியர் டயோடோரஸ் தரும் கணக்கு இது. அந்தச் சண்டையில் யாருக்கும் தெளிவான வெற்றி இல்லை. சுமார் பத்து ஆண்டுகள் கழித்து, கி.மு. 313 வாக்கில், செவ்தெஸ் லைசிமாகஸின் எதிரி அன்டிகோனஸோடு சேர்ந்து மலைக் கணவாய்களை அடைத்துப் பார்த்தான். அதில் தோற்றான். ஆனாலும் அழிந்துவிடவில்லை. பால்கன் மலைக்குத் தெற்கே உள்ள பள்ளத்தாக்கில் தனக்கென்று ஒரு சிறு நாட்டை வைத்துக்கொண்டு, தன் பெயரிலேயே ஒரு தலைநகரையும் கட்டினான். பிலிப் பெயரில் பிலிப்போபோலிஸ், அலெக்சாண்டர் பெயரில் அலெக்சாண்ட்ரியா என்று ஊர்கள் முளைத்த காலம் அது. அந்த வரிசையில் இவன் ஊர் செவ்தோபோலிஸ். "நானும் அவர்களுக்குச் சமமான அரசன்தான்" என்று அந்தப் பெயரிலேயே சொல்லிவிட்டான் என்பது என் எண்ணம்.

அரசன் வீட்டை ஏன் கோட்டைபோலக் கட்டினார்கள் என்று புரிந்துகொள்ள, சுமார் எழுபது எண்பது ஆண்டுகள் பின்னால் போக வேண்டும். கி.மு. 400ஆம் ஆண்டின் கடுங்குளிரில் கிரேக்கத் தளபதி செனொபோன், இதே பெயர் கொண்ட வேறொரு திரேசிய அரசனை, இரண்டாம் செவ்தெஸை, இரவில் சந்திக்கப் போனார். வழியில் தீ எரிகிறது, பக்கத்தில் ஆளே இல்லை. காவல்காரர்கள் நெருப்புக்கு அப்பால் இருட்டில் ஒளிந்திருந்தார்கள். வருகிறவன் வெளிச்சத்தில் தெரிவான், காவலன் தெரியமாட்டான். அரசன் ஒரு காவல் கோபுரத்துக்குள் இருந்தான். அதைச் சுற்றிக் குதிரைகள் கடிவாளம் பூட்டியபடியே நின்றன. பகலில் அவற்றை மேயவிடுவார்களாம், இரவில் எந்த நொடியிலும் ஏறித் தப்பவோ பாயவோ தயாராக வைத்திருப்பார்களாம். அந்தக் கோபுர வீட்டுக்குக் கிரேக்கத்தில் 'தைர்சிஸ்' என்று பெயர். செவ்தோபோலிஸ் அரண்மனையைப் பற்றி எழுதும் ஆய்வாளர்களும் அதே சொல்லைப் பயன்படுத்துகிறார்கள். திரேசிய அரசன் என்றால் தூங்கும்போதும் ஒரு கண்ணைத் திறந்து வைத்திருப்பவன். இதை மனதில் வைத்துக்கொண்டு கசன்லக் போங்கள்.

இனி ஊர் வெளிப்பட்ட கதை. 1948இல் துன்ஜா ஆற்றின் குறுக்கே அணை கட்டும் வேலை நடந்தபோதுதான் இடிபாடுகள் தென்பட்டன. அந்த ஆற்றைப் பழைய காலத்தில் டோன்சோஸ் என்றார்கள். அணை வேலை நிற்கப்போவதில்லை என்று தெரிந்ததால் நேரத்தோடு போட்டி போட்டுக்கொண்டு தோண்டினார்கள். டிமிதர் டிமித்ரோவ் தலைமையில் 1954 வரை அகழாய்வு நடந்தது. ஊர் முழுவதையும் திறந்து, அளந்து, வரைந்து, எடுக்க முடிந்ததை எடுத்துக்கொண்டார்கள். அப்புறம் தண்ணீர் ஏறியது. திரேசியர் கட்டிய ஊர்களில் முழுமையாகத் தோண்டி வரைபடம் எடுக்கப்பட்ட முதல் ஊர் இதுதான். மூழ்கப்போகிறது என்ற அவசரம் இல்லாமல் இருந்திருந்தால் ஒருவேளை இத்தனை முழுமையாக யாரும் தோண்டியிருக்கவும் மாட்டார்கள். இதை நினைத்தால் எனக்கு இன்றும் வருத்தமும் நன்றியும் சேர்ந்தே வருகிறது.

ஊரின் பரப்பு சுமார் 5 ஹெக்டேர்தான், அதாவது 12 ஏக்கர் சொச்சம். மதிலின் மொத்த நீளம் 890 மீட்டர். ஒழுங்கற்ற ஐங்கோண வடிவம். துன்ஜாவும் அதில் வந்து சேரும் ஓர் ஓடையும் பல பக்கம் அகழிபோலச் சூழ்ந்திருந்தன. மதிலின் அடிப்பகுதி கல், மேலே சுடாத செங்கல், இடையிடையே மரம். உள்ளே தெருக்கள் கிரேக்க முறைப்படி நேர்கோட்டில் ஒன்றையொன்று வெட்டிச் சென்றன. நடுவில் சந்தைத் திடல். அங்கே டயோனிசஸ் கடவுளின் பலிபீடம். வீடுகள் சுமார் ஐம்பது. எல்லாம் வசதியான, முற்றம் வைத்த பெரிய வீடுகள். உழவர்கள் மதிலுக்கு வெளியே இருந்தார்கள். உள்ளே இருந்தவர்கள் அரசனைச் சார்ந்த பெருங்குடியினர் என்று கொள்ளலாம்.

அரசன் வீடு வடக்குப் பக்கத்து மூலையில். இங்கேதான் எனக்கு இந்த ஊர் பிடித்துப்போகிறது. ஊரைச் சுற்றி மதில் இருக்கிறது அல்லவா? அது போதாதென்று அரண்மனை வளாகத்தைச் சுற்றி, ஊருக்கும் தனக்கும் நடுவே, இன்னொரு கோட்டைச் சுவர் வைத்துக்கொண்டான் செவ்தெஸ். வெளியே லைசிமாகஸ், உள்ளே தன் சொந்தப் பிரபுக்கள். இரண்டு பக்கமும் கவனமாக இருந்திருக்கிறான். தெருக்கள் கிரேக்க ஊர்போல இருக்கலாம், சந்தைத் திடல் இருக்கலாம், ஆனால் ஒரு கிரேக்க நகரில் இப்படி ஒருவருடைய வீடு ஊரிலிருந்து மதில் கட்டிப் பிரிந்து நிற்காது. வெளிப்பூச்சு கிரேக்கம், உள்ளே இருப்பது செனொபோன் பார்த்த அதே காவல் கோபுரம்.

வளாகத்துக்குள் நீண்ட கட்டிடம் ஒன்று. முன்புறம் தூண் வைத்த தாழ்வாரம், உள்ளே ஒரு பெரிய கூடம். கூடத்துச் சுவரில் பளிங்குப் பலகை பதித்ததுபோலத் தோன்றும்படி வண்ணப் பூச்சு வேலை செய்திருந்தார்கள். ஒரு பக்கம் கோயில். சமோத்ரேஸ் தீவின் 'பெருந்தெய்வங்களுக்கு' உரியது. அரண்மனையும் கோயிலும் ஒரே கூரையின் கீழ் இருந்ததால் செவ்தெஸே பூசாரியாகவும் இருந்திருக்கலாம் என்று பலர் கருதுகிறார்கள். அறை நடுவில் களிமண்ணால் செய்த தாழ்வான சதுர அடுப்பு மேடை, மேல்பரப்பில் கொடி வேலைப்பாடும் கோலம் போன்ற கோடுகளும். இந்த மேடைகள் கிரேக்கத்திலிருந்து வந்தவை அல்ல, திரேசியருடையவை. சாதாரண வீடுகளிலும் கிடைத்திருக்கின்றன.

ஊர்ப்பெயர் எப்படித் தெரிந்தது? அரண்மனை வளாகத்தில் ஒரு பெரிய கிரேக்கக் கல்வெட்டு கிடைத்தது. செவ்தெஸின் மனைவி பெரெனிகேயும் அவள் மகன்கள் நால்வரும், எப்ரிசெல்மிஸ், தெரெஸ், சதோகோஸ், சதலாஸ், செய்த சத்தியம் அது. பெருந்தெய்வங்களின் கோயிலில் இருந்த எபிமெனெஸ் என்பவனை, கிழக்கே இருந்த கபிலே ஊரின் ஆட்சியாளன் ஸ்பார்டோகஸிடம் ஒப்படைக்கிறார்கள். அவன் உயிருக்கும் உடைமைக்கும் கேடு வரக்கூடாது என்பது பேச்சு. இந்தச் சத்தியத்தைச் செவ்தோபோலிஸில் பெருந்தெய்வங்களின் கோயிலிலும், சந்தைத் திடலில் டயோனிசஸ் கோயிலிலும், கபிலேயில் இரண்டு இடங்களிலும் பொறித்து வைக்க வேண்டும் என்று கல்வெட்டே சொல்கிறது. ஒரு கல் ஊரின் பெயரைச் சொன்னது, அரசியின் பெயரைச் சொன்னது, மகன்கள் பெயரைச் சொன்னது, எந்தக் கோயில் எங்கே என்றும் சொன்னது. பேசுவது அரசி, அரசன் அல்ல. அந்தச் சமயத்தில் செவ்தெஸ் எங்கே இருந்தான், நோயாளியா, மறைந்துவிட்டானா என்று அறிஞர்கள் இன்னும் விவாதிக்கிறார்கள். மகன்கள் பெயர்களைக் கவனியுங்கள். எப்ரிசெல்மிஸ், தெரெஸ் போன்றவை பழைய ஓட்ரிசிய அரசர்களின் பெயர்கள்.

சரி, பயணத்துக்கு வருவோம். காலையில் முதல் வேலையாகக் கசன்லக் நகரில் உள்ள 'இஸ்க்ரா' வரலாற்று அருங்காட்சியகத்துக்குப் போங்கள். செவ்தோபோலிஸ் பொருட்கள் இருக்கும் பகுதியில் வரைபடத்தின் முன் கால் மணி நேரமாவது நில்லுங்கள். ஆறு எங்கே, மதில் எங்கே, அரசன் மூலை எங்கே என்று மனதில் பதிய வேண்டும். முடிந்தால் கையால் ஒரு தாளில் வரைந்துகொள்ளுங்கள். ஏரிக்கரையில் அந்தத் தாள் உதவும். செவ்தெஸின் செப்புக் காசுகளையும் விட்டுவிடாதீர்கள். ஊரில் கிடைத்த காசுகளில் பெரும்பகுதி அவனுடையவை. மாசிடோனிய அரசர்களின் காசை எடுத்து, அதன் மேலேயே தன் முத்திரையை அடித்திருக்கிறான். சில காசுகளில் அடியில் இருக்கும் பழைய உருவம் லேசாகத் தெரியும். எதிரியின் காசின் மேல் தன் முகம். அந்த முகம் பின்னால் உங்களுக்கு வேண்டியிருக்கும்.

அடுத்தது கோல்யாமா கோஸ்மட்கா. பெயருக்குப் 'பெரிய சடையன்' என்பதுபோலப் பொருள். கசன்லக்கிலிருந்து ஷிப்கா போகும் வழியில், ஷிப்காவுக்குச் சற்று முன்னால், 20 மீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்கும் மண்மேடு. இந்தப் பள்ளத்தாக்கு முழுக்க இப்படி நூற்றுக்கணக்கான மேடுகள் உண்டு. பஸ் ஜன்னலிலிருந்தே பார்க்கலாம், வயல் நடுவில் கவிழ்த்து வைத்த கிண்ணங்கள்போல இருக்கும். 2004இல் கியோர்கி கிட்டோவ் இந்த மேட்டைத் திறந்தார். இதற்குத் 'திரேசிய அரசர்களின் பள்ளத்தாக்கு' என்ற பெயரைப் பரப்பியவர் அவர். மண் அள்ளும் இயந்திரங்களை வைத்து வேகவேகமாகத் தோண்டுகிறார் என்று சக ஆய்வாளர்கள் அவரைக் கடுமையாகக் குறை சொன்னதுண்டு. அந்தக் குறையில் நியாயம் இருக்கிறது என்றே நானும் நினைக்கிறேன், மண்ணடுக்குகள் சொல்லும் கதை ஒரு தடவை கலைந்தால் திரும்பி வராது. அதே சமயம் கொள்ளையர்கள் இரவோடு இரவாக மேடுகளைக் குடைந்துகொண்டிருந்த காலம் அது என்பதையும் மறந்துவிடக்கூடாது. கிட்டோவ் 2008இல், அகழாய்வுக்குப் போன இடத்திலேயே, இறந்துபோனார்.

மேட்டுக்குள் நீண்ட கல் நடை. அதன் முடிவில் ஒரு முன்னறை, அங்கே குதிரை ஒன்றின் எலும்புகள் இருந்தன. அடுத்து இரட்டைப் பளிங்குக் கதவு, கதவில் செதுக்கிய தலைகள். கதவைத் தாண்டினால் வட்டமான, குவிமாடம் வைத்த அறை. கடைசி அறைதான் அதிசயம். ஒரே பாறையைக் குடைந்து செய்தது, எடை 60 டன்னுக்கு மேல். உள்ளே கல் கட்டிலும் மேசையும். அங்கே கிடைத்தவற்றில் சிந்தூர (ஓக்) மர இலையும் காயும் வைத்துச் செய்த பொன் மாலை, பொன் கிண்ணம், வெண்கலத் தலைக்கவசம், கால்கவசங்கள், வாள், வெள்ளிக் குடுவை எல்லாம் உண்டு. தலைக்கவசத்தில் 'செவ்தெஸுடையது' என்று கிரேக்க எழுத்தில் பெயர். அதை வைத்துத்தான் கல்லறை யாருடையது என்று தெரிந்தது. உள்ளே போனதும் சட்டென்று வெளியே வந்துவிடாதீர்கள். கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து, அந்தக் கடைசி அறை வாசலில் கொஞ்ச நேரம் குனிந்து நில்லுங்கள். ஏரிக்குள் போன அரண்மனைக் கூடத்தில் அவன் எப்படி விருந்துக்குச் சாய்ந்திருப்பானோ அதே மாதிரி இங்கேயும் கட்டிலும் மேசையும் கிண்ணமும் வைத்து அனுப்பியிருக்கிறார்கள். செவ்தெஸின் வீடு எப்படி இருந்தது என்பதற்கு இன்று நாம் உள்ளே நுழைந்து நிற்கக்கூடிய ஒரே சாட்சி இந்த அறைதான்.

இடையில் நேரம் இருந்தால் கசன்லக் நகரிலேயே உள்ள ஓவியக் கல்லறையையும் பாருங்கள். 1944இல் படைவீரர்கள் பள்ளம் தோண்டும்போது தற்செயலாக வெளிப்பட்டது. 1979 முதல் உலகப் பாரம்பரியச் சின்னம். அசலைப் பாதுகாப்புக்காக மூடி வைத்திருக்கிறார்கள், பக்கத்திலேயே அச்சு அசலாகக் கட்டிய நகலுக்குள்தான் விடுவார்கள். நகல்தானே என்று தள்ளிவிடாதீர்கள். குவிமாடத்தில் ஒரு அரசனும் மனைவியும் ஒருவர் கையை ஒருவர் பற்றிக்கொண்டு விருந்து மேசை முன் உட்கார்ந்திருக்கிறார்கள். அவள் முகத்தில் இருக்கும் துயரத்தைச் சொல்லி முடியாது. செவ்தெஸ் காலத்துக்கு ஒட்டிய ஓவியம் என்பதால் அந்த உடை, அந்த இருக்கை, அந்த ஊதுகுழல்காரர்கள் எல்லாம் அரண்மனையில் நடமாடிய மனிதர்களை நமக்குக் காட்டிவிடுகின்றன. கல்வெட்டில் பேசிய பெரெனிகேயை நினைத்துக்கொண்டு பார்த்தேன்.

இப்போது ஏரி. நகரத்திலிருந்து மேற்கே சுமார் 7 கிலோமீட்டர். மாலை வெயில் சாயும் நேரம் நல்லது. காலையில் வரைந்த தாளை எடுத்துக்கொள்ளுங்கள். வடக்கே பால்கன் மலைத்தொடர். செவ்தெஸ் அடைத்த கணவாய்கள் அந்தத் தொடரில்தான். தெற்கே தாழ்வான ஸ்ரெட்னா கோரா. இரண்டுக்கும் நடுவே இந்த ஊரை ஏன் வைத்தான் என்பது நின்று பார்த்தால்தான் புரியும். எந்தப் பக்கம் படை வந்தாலும் தெரியும், ஓட வேண்டுமானால் மலை பக்கத்தில், சாப்பாட்டுக்குப் பள்ளத்தாக்கு முழுக்க வயல். சுவர்களை வண்டல் மூடியிருக்கும், தண்ணீருக்கு மேல் ஒரு கல்கூடத் தெரியாது. அதற்கு மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

ஊரை மீட்க ஒரு திட்டமும் இருக்கிறது. ஜெக்கோ டிலெவ் என்ற பல்கேரியக் கட்டிடக் கலைஞர் 2005இல் முன்வைத்தது. ஏரியின் நடுவில், ஊரைச் சுற்றி 420 மீட்டர் விட்டமும் 20 மீட்டர் உயரமும் கொண்ட வட்டமான அணைச்சுவர் எழுப்பி, உள்ளே இருக்கும் தண்ணீரை இறைத்துவிட்டு ஊரைத் திறப்பது. படகில் போய், சுவர் விளிம்பிலிருந்து கீழே இறங்க வேண்டும். வரைபடங்களைப் பார்த்தால் கிணற்றுக்கு அடியில் ஊர் ஒன்று இருப்பதுபோல இருக்கும். பணம் பெரிய தடை, வேலை தொடங்கவில்லை. சுடாத செங்கல்லும் களிமண் மேடையும் இத்தனை காலம் நீரில் ஊறிய பிறகு எந்த அளவு மிஞ்சியிருக்கும் என்ற கவலை எனக்கு உண்டு. ஆனாலும் கல் அடித்தளங்கள் இருக்கும். அவற்றின் மேல் நடக்க முடிந்தால் நான் இன்னொரு முறை போவேன்.

போக்குவரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சோபியாவிலிருந்து கசன்லக் ஏறக்குறைய 200 கிலோமீட்டர். பஸ் உண்டு, மலையடிவாரத்தை ஒட்டிப் போகும் ரயிலும் உண்டு. ரயில் மெதுவாகப் போகும், ஆனால் காட்சிக்கு ரயில்தான். ப்ளோவ்டிவ் நகரிலிருந்து இன்னும் கிட்டே. 2026 தொடக்கத்திலிருந்து அங்கே யூரோதான் நாணயம். நீங்கள் போகும் மே கடைசி ரோஜா பறிக்கும் காலம், ஜூன் முதல் வாரக் கடைசியில் ரோஜாத் திருவிழா. ஊர் வாசமாக இருக்கும், ஆனால் அறை கிடைப்பது கஷ்டம், விலையும் ஏறும். இரண்டு மாதம் முன்னதாகவே அறை பிடியுங்கள். கல்லறைகளின் திறப்பு நேரம் பருவத்துக்குப் பருவம் மாறும், குளிர்காலத்தில் பல மூடியிருக்கும். இஸ்க்ரா அருங்காட்சியகத்துக்கு முன்கூட்டியே எழுதிக் கேட்டுவிடுங்கள். பொன் மாலையும் கிண்ணமும் அங்கே இருக்கின்றனவா என்பதையும் சேர்த்தே கேளுங்கள், அவை வெளிநாட்டுக் கண்காட்சிகளுக்குப் போய்விடுவது வழக்கம். இன்னொன்று: பல்கேரியர்கள் தலையைப் பக்கவாட்டில் ஆட்டினால் 'ஆமாம்', மேலும் கீழும் அசைத்தால் 'இல்லை'. டிக்கெட் ஜன்னலில் இதை மறந்துவிட்டால் திறந்திருக்கும் கல்லறையை மூடியிருக்கிறது என்று நினைத்துத் திரும்பிவிடுவீர்கள்.

இனி உங்கள் கேள்வியின் இரண்டாம் பகுதி. கையால் தொட்டுப் பார்க்க ஒரு மதில் வேண்டும் என்றால், இரண்டு இடங்கள் சொல்வேன்.

முதலாவது கோஸி கிராமாடி. ஸ்ரெட்னா கோரா மலையில், ஸ்டாரோசெல் கிராமத்துக்கு மேலே, ஆயிரம் மீட்டருக்கும் மேலான உயரத்தில் உள்ள ஓட்ரிசிய அரசர்களின் மலை வசிப்பிடம். இவான் ஹ்ரிஸ்தோவ் தலைமையில் தோண்டினார்கள். செவ்தெஸுக்கு ஒரு தலைமுறை முந்தைய இடம். இரண்டாம் பிலிப்பின் படை வந்தபோது அழிந்தது என்று கருதுகிறார்கள். கருங்கல் மதில் காட்டுக்கு நடுவில் கிடக்கிறது. இங்கே அருங்காட்சியகம் இல்லை, நிழற்குடை இல்லை. கடைசிப் பகுதி மோசமான மலைப்பாதை, கிராமத்தில் ஜீப் வைத்திருப்பவரை ஏற்பாடு செய்துகொள்வது நல்லது, அல்லது அரை நாள் நடக்க வேண்டும். நல்ல காலணி, தண்ணீர், மழைச்சட்டை அவசியம். அந்த உயரத்தில் நின்றால், பிலிப்பின் படை ஏறி வருவதை மேலிருந்து பார்த்தவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று தோன்றும். இறங்கும்போது ஸ்டாரோசெல் பக்கத்திலேயே உள்ள செட்டின்யோவா மேட்டுக் கல்லறையையும் பாருங்கள். 2000ஆம் ஆண்டில் கிட்டோவ் கண்டுபிடித்தது. மேட்டைச் சுற்றி வெட்டுக்கல் சுவர், அகலமான படிக்கட்டு ஏறித்தான் வாசலுக்குப் போக வேண்டும்.

இரண்டாவது, நாட்டின் வடகிழக்கில் இஸ்பெரிக் ஊருக்கு அருகில் உள்ள ஸ்போர்யானோவோ. இது கெதே என்ற இன்னொரு திரேசிய இனத்தின் இடம். ஆறு வளைத்துப் போகும் மேட்டில் மதில் சூழ்ந்த ஊர். பழைய நூல்களில் வரும் ஹெலிஸ் இதுவாகத்தான் இருக்க வேண்டும் என்று பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். கெதே அரசன் ட்ரோமிகைட்டஸின் ஊர். கி.மு. 292 வாக்கில் லைசிமாகஸ், ஆம், செவ்தெஸோடு மோதிய அதே லைசிமாகஸ், இவன் நாட்டுக்குள் புகுந்து, படை பட்டினியில் வாட, உயிரோடு பிடிபட்டான். கெதே மக்கள் கொல்லச் சொன்னார்கள். ட்ரோமிகைட்டஸ் அவர்களைச் சமாதானப்படுத்திவிட்டு விருந்து வைத்தான். பிடிபட்ட மாசிடோனியர்களுக்கு அவர்களிடமிருந்தே கைப்பற்றிய விரிப்புகள், வெள்ளி மேசை, பொன்னும் வெள்ளியுமான கிண்ணங்கள். தன் ஆட்களுக்கு வைக்கோல் பரப்பில் மர மேசை, மரத்திலும் கொம்பிலும் செய்த குவளைகள். விருந்து நடுவில் கேட்டான்: "எந்தச் சாப்பாடு அரசனுக்குத் தகும்?" லைசிமாகஸ், "மாசிடோனியருடையதுதான்" என்றான். "அப்படிப்பட்ட வாழ்வை விட்டுவிட்டு எங்களைப் போன்றவர்களிடம் எதற்கு வந்தாய்?" என்று கேட்டுவிட்டு அவனை விடுதலை செய்தான். டயோடோரஸ் சொல்லும் கதை இது. அந்த மதில் அடியில் உட்கார்ந்து இதை உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். அருகிலேயே ஸ்வெஷ்தாரி கல்லறை. கைகளை உயர்த்தி நிற்கும் பத்துப் பெண் உருவங்கள் அறையின் சுவரைச் சுற்றி நிற்கின்றன. 1982இல் கிடைத்தது, 1985இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. உள்ளே சில நிமிடங்கள்தான் விடுவார்கள்.

என்னைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், இரண்டு நாள் உள்ளவருக்குக் கசன்லக்கும் ஸ்டாரோசெலும், நான்கு நாள் உள்ளவருக்கு ஸ்போர்யானோவோவும் சேர்த்து என்பேன்.

கடைசியாக, விமானம் ஏறும் முன் சோபியாவில் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்துக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கி வையுங்கள். கோல்யாமா கோஸ்மட்கா வாசலுக்கு முன்னால், மண்ணுக்குள் தனியாகப் புதைத்து வைத்திருந்த வெண்கலத் தலை அங்கே இருக்கிறது. அதுவும் பயணம் போகும் பொருள்தான், 2015இல் பாரிஸ் லூவ்ர் வரை போய் வந்தது. அதனால் இங்கேயும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். நீண்ட தாடி, சுருக்கம் விழுந்த நெற்றி, கல்லும் கண்ணாடிக் கலவையும் வைத்துச் செய்த கண்கள், செம்பில் வெட்டிய இமை முடிகள். கசன்லக்கில் காசின் மேல் பார்த்த அதே முகம். முன்னால் நின்று கண்களைப் பார்த்த பிறகு, பக்கவாட்டில் வந்து கழுத்தின் அடிப்பகுதியைக் கவனியுங்கள். முழுச் சிலையாக நின்றிருந்ததிலிருந்து இந்தத் தலையைப் பிரித்து எடுத்திருக்கிறார்கள், விளிம்பு கரடுமுரடாக இருக்கும். அந்தச் சிலை எங்கே நின்றது, உடல் என்னவாயிற்று என்று தெரியவில்லை. செவ்தோபோலிஸில், அந்தச் சந்தைத் திடலில் நின்றிருக்கலாம் என்று நான் நினைத்துக்கொள்வேன்.